ஒரு சதுர கிலோமீட்டர்

பெரு நாட்டின் வட எல்லையில், கோண்டோர் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், மழைக்காட்டுக்குள் திவின்சா என்றொரு இடம் இருக்கிறது. அது பெருவின் மண். பெருவின் சட்டம்தான் அங்கே செல்லும். ஆனால் அங்கே ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமையாளர் ஈக்வடார் அரசு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஆட்சி ஒருவருக்கு, பட்டா இன்னொருவருக்கு. பெரு அந்த நிலத்தைக் கையகப்படுத்த முடியாது. ஈக்வடார் அதை விற்க முடியாது. எல்லையிலிருந்து அங்கே போய்வர ஐந்து மீட்டர் அகலத்துக்கு மேற்படாத ஒரு பாதை உண்டு. 1995இல் அந்தக் காட்டில் விழுந்த தன் படைவீரர்களுக்கு ஈக்வடார் அங்கே போய் அஞ்சலி செலுத்தலாம்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஒரு பகை இந்த ஏற்பாட்டில் வந்து முடிந்தது. எல்லைப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி எனக்கு மிஞ்சியிருக்கும் நம்பிக்கையில் பெரும்பகுதி இந்த ஒரு சதுர கிலோமீட்டரின் மேல்தான் நிற்கிறது. நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். இறந்தவர்களை விட்டுக்கொடுக்கும்படி எந்த நாட்டையும் கேட்க முடியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட சிலர், சரியான நேரத்தில் சரியான அறையில் இருந்தார்கள். அதனால் 1998க்குப் பிறகு அந்தக் காட்டில் இரு நாட்டுப் படைகளும் போரிடவில்லை.

தகராறின் வேர் ஸ்பானியப் பேரரசின் காகிதங்களில் இருக்கிறது. 1563இல் கீட்டோவில் அமைக்கப்பட்ட அரச நீதிமன்றத்தின் ஆளுகைப் பரப்பைத் தன் பரம்பரைச் சொத்தாக ஈக்வடார் கருதியது. மைனாஸ் என்னும் அமேசான் வட்டாரத்தை லிமாவின் பொறுப்புக்கு மாற்றிய 1802ஆம் ஆண்டின் அரச ஆணையைப் பெரு எடுத்துக் காட்டியது. இரண்டும் உண்மையான ஆவணங்கள். இரண்டையும் பிறப்பித்தவர்கள் அந்தக் காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பேரரசு போனது, 1830இல் ஈக்வடார் தனிக் குடியரசானது, காகிதங்கள் மட்டும் இரு தலைநகரங்களிலும் தங்கிவிட்டன.

நடுவர் ஒருவரிடம் போகும் முயற்சியும் அந்நாளிலேயே நடந்தது. ஸ்பெயின் மன்னரின் தீர்ப்பைக் கேட்பதென்று 1887இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 1910இல் தீர்ப்பின் வரைவு வெளியே கசிந்தது. அது பெருவுக்குச் சாதகம் என்று தெரிந்ததும் ஈக்வடார் கொதித்தெழுந்தது. இரு நாடுகளும் படை திரட்டின. மன்னர் தீர்ப்புச் சொல்லாமலே விலகிக்கொண்டார். பாதகமாக வந்தால் ஏற்பதில்லை என்ற முடிவோடு வழக்குக்கு வருபவர்களிடம் நடுவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இந்தப் பாடம் சரியாக எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.

அதற்கு முன் போர் வந்தது. 1941 ஜூலையில் பெருவின் படைகள் ஈக்வடாரின் தென்மேற்கிலுள்ள எல் ஓரோ மாகாணத்துக்குள் புகுந்தன. 1942 ஜனவரி 29இல் ரியோ டி ஜெனீரோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கண்டம் முழுவதையும் தன் அணியில் நிறுத்தும் அவசரத்தில் இருந்தது அமெரிக்கா. அங்கே கூடியிருந்த அயலுறவு அமைச்சர்களுக்கு ஈக்வடாரின் குறை ஒரு சிறிய இடைஞ்சல். தன் மாகாணம் எதிரியின் கையில் இருக்கும்போதே ஈக்வடார் கையெழுத்திட்டது. உரிமை கோரிய அமேசான் பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கும் ஒப்பந்தத்துக்கு உத்தரவாத நாடுகளாயின.

தோற்றவன் முதுகில் கை வைத்து அழுத்தி வாங்கிய கையெழுத்து சட்டப்படி செல்லலாம். ஆனால் அது மனத்தில் ஏறாது. ஏறாததை மறுக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். அந்தக் காரணத்தை ஓர் ஆறு கொடுத்தது.

கோண்டோர் பகுதியில், சமோரா, சான்டியாகோ என்ற இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நீர்ப்பிரி மேட்டின் வழியே எல்லை செல்லும் என்று ஒப்பந்தம் சொன்னது. மழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அவரவருக்கு. படிக்கத் தெளிவான விதி. ஆனால் 1940களின் நடுவில் அமெரிக்க வான்படை மேலிருந்து எடுத்த படங்கள் வேறொன்றைக் காட்டின. அந்த இரண்டுக்கும் நடுவே செனெபா என்ற ஆறு, எவரும் நினைத்திருந்ததைவிட வெகுதூரம் வடக்கே நீண்டிருந்தது. இடையில் மூன்றாவது ஆறு வந்துவிட்டால் நீர்ப்பிரி மேடு ஒன்றாக இருக்க முடியாது. ஒப்பந்தம் சொன்ன கோடு மண்ணில் இல்லை என்று ஈக்வடார் வாதிட்டது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் எல்லையில் 78 கிலோமீட்டருக்கு மட்டும் எல்லைக்கல் நடப்படவில்லை. பிரேசில் கடற்படை அதிகாரி பிராஸ் டியாஸ் டி அகியார் 1945இல் அளித்திருந்த நடுவர் முடிவு அந்தப் பகுதிக்கும் வழி சொல்லியிருந்தது. ஈக்வடார் அதை ஏற்கவில்லை. 1960இல் அதிபர் வெலாஸ்கோ இபாரா முழு ஒப்பந்தமுமே செல்லாது என்று அறிவித்தார்.

அதன்பின் வளர்ந்த தலைமுறைகளை நினைத்துப் பார்க்கிறேன். 1541இல் கீட்டோவிலிருந்து புறப்பட்ட பயணத்தில்தான் ஸ்பானியர் ஒரெயானா அமேசான் பெருநதியைச் சென்றடைந்தார். அந்த நதி தங்களுடையது என்பது ஈக்வடார் மக்களின் தன்மதிப்போடு கலந்துபோன நினைவு. இழந்த பரப்பையும் சேர்த்தே பள்ளி வரைபடங்கள் அச்சாயின. ஈக்வடார் அன்றும் இன்றும் என்றும் அமேசான் நாடு என்பது அரசின் முழக்கமாக இருந்தது. எட்டு வயதுக் குழந்தை வண்ணப் பென்சிலால் அந்த வரைபடத்துக்கு நிறம் தீட்டும்போது, தன் உடலில் ஓர் உறுப்பு வெட்டப்பட்டதாகவே கற்றுக்கொள்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து அமைச்சராகிறது, தளபதியாகிறது, வாக்காளராகிறது. மேசையில் பேச உட்காரும்போது அந்த நிறமும் கூடவே வந்து உட்காருகிறது. பெருவின் குழந்தைக்கும் அதன் ஆசிரியர் ஒரு கதை சொல்லியிருப்பார்: தீர்ந்த வழக்கைத் திரும்பத் திரும்பக் கிளறும் அண்டை நாட்டின் கதை. எல்லைத் தகராறுகள் காட்டில் உயிர் வாழ்வதில்லை. அவற்றுக்கு உணவு வகுப்பறையில் கிடைக்கிறது.

1981இல் பகீஷா என்ற இடத்தில் மோதல். 1995 ஜனவரியில் செனெபாவின் தலைப்பகுதியில் போர். தென் அமெரிக்காவில் இரு நாடுகள் நேருக்கு நேர் மோதிய கடைசிப் போர் இதுவே. காவல் நிலைகளைச் சுற்றிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. ஓரடிகூடப் பின்வாங்க மாட்டோம் என்றார் ஈக்வடார் அதிபர் சிக்ஸ்டோ துரான் பால்யென். திவின்சாவைப் பிடித்துவிட்டோம் என்று பிப்ரவரி 13இல் அறிவித்தார் பெரு அதிபர் அல்பெர்டோ புஜிமோரி. இல்லை, எங்கள் வீரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றது ஈக்வடார். அதுவரை உலகம் கேள்விப்படாத ஒரு காட்டுக் காவல் நிலை, இரு தேசங்களின் மானமாகிவிட்டது.

ஆனால் அந்தப் போரின் தொடக்கத்திலேயே ஓர் அரிய காரியமும் நடந்தது. தன் நாடு முப்பத்தைந்து ஆண்டுகளாகச் செல்லாது என்று மறுத்துவந்த ரியோ ஒப்பந்தத்தின் உத்தரவாத நாடுகளைத் துரான் பால்யென் உதவிக்கு அழைத்தார். ஒப்பந்தத்தை ஏற்றால்தானே அதன் உத்தரவாதிகளை அழைக்க முடியும். பீரங்கி ஓசைக்கு நடுவே எடுத்த இந்த முடிவு கவனம் பெறவில்லை. அமைதிக்கான கதவு திறந்தது அங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 17இல் பிரேசிலில் இதாமராத்தி அமைதி அறிக்கை கையெழுத்தானது. நான்கு உத்தரவாத நாடுகளின் இராணுவப் பார்வையாளர்கள் காட்டுக்குள் போனார்கள். படைகள் விலக்கப்பட்டன. பிறகு தொடங்கியது மூன்றரை ஆண்டு நீண்ட பேச்சு. அமெரிக்காவின் சார்பில் லூயிகி எய்னாவ்டி பொறுமையாக அதில் இருந்தார். 1996 அக்டோபரில் சிலியின் தலைநகர் சான்டியாகோவில், இறுதித் தீர்வு வரும்வரை மேசையைவிட்டு எழுவதில்லை என்று இரு தரப்பும் உறுதியளித்தன. 1998 ஜனவரியில் வேலையை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். வணிகமும் நதிப் போக்குவரத்தும் பற்றிப் பேச புவெனஸ் அயர்ஸ், எல்லைப்புற வளர்ச்சிக்கு வாஷிங்டன், பரஸ்பர நம்பிக்கை நடவடிக்கைகளுக்கு சான்டியாகோ, எல்லைக்கோட்டுக்கு பிரேசிலியா.

இந்தப் பிரிப்பில் ஒரு ஞானம் இருக்கிறது. கோடு எங்கே என்று மட்டும் கேட்டால் விடை ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நட்டம். நதியில் யார் படகு விடலாம், எந்தச் சந்தையில் யார் விற்கலாம், எங்கே சாலை வரும் என்றும் சேர்த்துக் கேட்கும்போது இருவர் கைக்கும் ஏதோ வந்து சேர்கிறது. கோட்டின் விஷயத்தில் ஈக்வடாரின் வாதம் வெல்லாது என்பது நிபுணர்களின் சட்டக் கருத்துகளிலிருந்தே தெரிந்துவிட்டது. தோற்கப்போகும் தரப்பு எதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் என்பதுதான் எஞ்சிய கேள்வி. 1942இல் ரியோவில் கூடியவர்கள் இதைக் கேட்கவே இல்லை.

1998 ஆகஸ்ட் 10இல் ஜமில் மவாட் ஈக்வடாரின் அதிபரானார். அந்நேரத்தில் எல்லையில் படைகள் மறுபடி நெருங்கி நின்றன. மீண்டும் போர் மூளும் என்ற அச்சம் பரவியிருந்தது. ஹார்வர்டில் தனக்குக் கற்பித்த ரோஜர் ஃபிஷரிடம் அவர் ஆலோசனை கேட்டார். பேச்சுவார்த்தைக் கலையைப் பாடமாக்கியவர் ஃபிஷர். புஜிமோரியோடு கைகுலுக்கிச் சிரிக்கும் படம் வேண்டாம், இருவரும் அருகருகே உட்கார்ந்து ஒரே வரைபடத்தைக் குனிந்து பார்க்கும் படம் வரட்டும் என்றார் அவர். படம் எடுக்கப்பட்டது, இரு நாட்டு மக்களும் பார்த்தார்கள். எதிரெதிராக உட்கார்ந்தவர்கள் ஒரே பக்கம் வந்து, சிக்கலை எதிரில் வைத்திருந்தார்கள். அசுன்சியோனில் நடந்த முதல் சந்திப்பில், எட்டு ஆண்டாக ஆட்சியில் இருப்பவர் என்ற முறையில் புஜிமோரியின் கருத்தைத்தான் மவாட் முதலில் கேட்டார். மதித்துக் கேட்பவனிடம் கத்துவது கடினம்.

அப்படியும் அவர்களால் தாமாக முடிவுகட்ட இயலவில்லை. முடிவு எதுவானாலும் அதைச் செய்தவர் துரோகி எனப்படுவார். ஆகவே இருவரும் உத்தரவாத நாடுகளிடமே தீர்வு கேட்டார்கள். பிரேசில் அதிபர் பெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோசோவும் மற்ற மூவரும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நாங்கள் சொல்வது எதுவோ அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்று இரு நாட்டு நாடாளுமன்றங்களும் முன்கூட்டியே வாக்களிக்க வேண்டும். 1910இல் ஸ்பெயின் மன்னருக்கு வாய்க்காதது இதுதான். அக்டோபர் 16இல் இரு நாடாளுமன்றங்களும், என்ன வரும் என்று அறியாமலே, ஏற்பதாக வாக்களித்தன. அக்டோபர் 26இல் பிரேசிலியாவில் இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லை கோண்டோர் மலைமுகட்டின் வழியே செல்லும் என்பது முடிவு. அதாவது பெரு சொல்லிவந்த கோடு. அமேசானிலும் அதன் துணை நதிகளிலும் ஈக்வடாரின் படகுகள் செல்லலாம். பெருவின் மண்ணில் ஈக்வடாருக்கு இரண்டு வணிக மையங்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு. மலையின் இரு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டிய இயற்கைப் பாதுகாப்புப் பூங்காக்கள், அங்கே இராணுவத்துக்கு இடமில்லை. பிறகு திவின்சாவின் அந்த ஒரு சதுர கிலோமீட்டர்.

இறையாண்மையும் உடைமையும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிணைப்பை ஒரே ஓரிடத்தில் மட்டும் அவிழ்த்துப் பார்த்தார்கள். பெரு ஒரு பிடி இறையாண்மையைக்கூட இழக்கவில்லை. ஈக்வடார் தன் வீரர்கள் காத்த இடத்தைக் கைவிடவில்லை. இரண்டும் ஒருசேர உண்மை. வெறும் ஆறுதல் பரிசு என்று இதைச் சிலர் அன்றே ஏளனம் செய்தார்கள். மகனைக் காட்டில் இழந்த தாயிடம் போய், அவன் காத்த மண் இப்போது அந்நிய மண் என்று சொல்ல வேண்டியவரின் இடத்தில் நின்று பார்த்தால் அப்படிப் பேச வராது.

சட்டம் மட்டும் போதும் என்று நம்புபவர்கள் அதே கண்டத்தின் தென்முனையைப் பார்க்க வேண்டும். பீகிள் கால்வாயின் மூன்று தீவுகள் சிலிக்கே உரியவை என்று 1977இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அர்ஜென்டினா அதை நிராகரித்தது. 1978 டிசம்பரில் இரு நாடுகளும் போரின் விளிம்புக்குப் போயின. இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் அனுப்பிய கர்தினால் அந்தோனியோ சமோரே தலையிட்டுத் தடுத்தார். 1984இல் வந்த தீர்விலும் தீவுகள் சிலிக்குத்தான். ஆனால் இடையில் ஆறு ஆண்டுப் பொறுமை இருந்தது, கடல் எல்லையில் அர்ஜென்டினாவுக்கு ஈடு இருந்தது, மக்கள் வாக்கெடுப்பு இருந்தது. அர்ஜென்டின வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆம் என்றார்கள். சமோரே அதைப் பார்க்க இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

பிரேசிலியாவின் அமைதிக்கும் விலை இருந்தது. கையெழுத்துக்குச் சில வாரம் முன் பெருவின் வெளியுறவு அமைச்சர் எதுவார்தோ ஃபெரெரோ பதவி விலகினார். நதி உரிமைகள் ஈக்வடாருக்குப் போவதை எதிர்த்து பெருவின் அமேசான் நகரமான இகிடோஸில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. வென்ற நாட்டிலும் தோற்றதாக உணர்ந்தவர்கள் இருந்தார்கள். கையெழுத்திட்ட இருவரும் புனிதர்கள் அல்லர். வங்கிகள் சரிந்த நெருக்கடியில் மவாட் 2000 ஜனவரியில் தூக்கியெறியப்பட்டார். அதே ஆண்டு புஜிமோரி ஜப்பானுக்கு ஓடினார். மனித உரிமைக் குற்றங்களுக்காக 2009இல் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அமைதியைச் செய்தவர் என்பதால் அவர் குற்றம் குறையாது. குற்றவாளி செய்தது என்பதால் அந்த அமைதியின் மதிப்பும் குறையாது.

என் மனத்தை உறுத்துவது வேறு. கோண்டோர் மலையின் இரு பக்கமும் வாழ்பவர்கள் உறவு மொழிகள் பேசும் மக்கள்: ஈக்வடார் பக்கம் ஷுவார், பெரு பக்கம் அவஹூன், வாம்பிஸ். ஸ்பானிய ஆணைகளுக்கும் முன்னிருந்தே அது அவர்கள் காடு. போர் வந்தபோது இரு இராணுவங்களும் அவர்களை வழிகாட்டிகளாகவும் வீரர்களாகவும் சேர்த்துக்கொண்டன. உறவுக்காரர்கள் எதிரெதிர் சீருடையில் நின்றார்கள். கண்ணிவெடிகள் அவர்கள் வேட்டைக்குப் போகும் தடங்களில் கிடந்தன. நான்கு தலைநகரங்களில் நான்கு குழுக்கள் பேசியபோது, முடிவெடுக்கும் நாற்காலி அவர்களுக்கு இல்லை.

பூங்காக்கள் வந்தன. துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் துப்பாக்கிகள் தடுத்து வைத்திருந்த வேறு சிலவும் உள்ளே வரத் தொடங்கின. மலையின் ஈக்வடார் பக்கம் மிராடோர் என்னும் பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கம், ஷுவார் மக்களின் எதிர்ப்பை மீறி, 2019இல் உற்பத்தியைத் தொடங்கியது. பெரு பக்கம், காட்டு நிலங்களைத் தொழில்களுக்குத் திறந்துவிடும் ஆணைகளை அவஹூன், வாம்பிஸ் மக்கள் எதிர்த்தார்கள். 2009 ஜூன் 5இல் பாகுவாவில் சாலை மறியலைக் காவல்துறை கலைக்கப் போய், காவலரும் பொதுமக்களுமாக முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டு அரசுகளுக்கிடையே முடிந்த போர், அரசுக்கும் அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கும் இடையே தொடர்ந்தது.

ஆயினும் பிரேசிலியாவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1995இன் பிள்ளைகளைப் போல இன்னொரு தலைமுறை அந்தக் காட்டில் விழவில்லை. ஈக்வடாரின் வரைபடம் திருத்தி அச்சிடப்பட்டது. குழந்தைகள் இப்போது இருக்கும் நாட்டுக்கே நிறம் தீட்டுகிறார்கள். வெட்டப்பட்ட உறுப்பின் வலி இல்லாமல் ஒரு தேசத்தை நேசிக்கக் கற்பது சிறிய விடுதலை அன்று.

எல்லைப் பேச்சு எங்கு நடந்தாலும் அதை மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்று இந்த வரலாறு எனக்குக் கற்பித்திருக்கிறது. விட்டுக்கொடுப்பவர் தலைகுனியாமல் வீடு திரும்ப வழி செய்யப்பட்டிருக்கிறதா? தீர்ப்பைக் கேட்கும் முன்பே அதற்குக் கட்டுப்படும் துணிவு தலைவர்களுக்கு இருக்கிறதா? கோட்டின் மேல் வாழ்பவர்கள் மேசையில் இருக்கிறார்களா? பெருவும் ஈக்வடாரும் முதல் இரண்டுக்கும் ஆம் என்று விடை அளித்தன. மூன்றாவதைக் கேட்கவே இல்லை. இனி எந்த இரு நாடுகள் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாலும், முதல் நாற்காலியை அந்த மண்ணின் மக்களுக்குப் போடுங்கள். அது இல்லாத ஒப்பந்தம் அரசுகளின் அமைதி மட்டுமே.